பெருங்குடல் புற்றுநோய்க்கு ரோபோ ஆபரேஷன்: படகை அடகு வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

ஸ்கேன் ரிப்போர்ட்டில் "பெருங்குடலில் கட்டி, பக்கத்து உறுப்போடு ஒட்டியிருக்கலாம்" என்று ஒரு வரி வருகிறது. ஒரு டாக்டர் வயிற்றைத் திறந்துதான் எடுக்கணும் என்கிறார். மதுரையில் இன்னொருவர் ரோபோ வைத்துச் சின்னத் துளையிலேயே முடித்துவிடலாம் என்கிறார். மூன்றாவது ஒருவர் இப்போதைக்குக் கத்தியே வேண்டாம், முதலில் கீமோ என்கிறார். பாம்பனிலிருந்தோ தொண்டியிலிருந்தோ போன குடும்பம் என்ன செய்யும், ஊருக்குத் திரும்பி வந்து நாலு பேரிடம் கேட்கும், நாலு பேரும் "ரோபோதான் புதுசு, உயிர் விஷயத்துல காசு பார்க்காதீங்க" என்பார்கள். அங்கேதான் படகும் நகையும் அடகுக்குப் போகின்றன.

மூன்று டாக்டர்களில் யாரும் தப்பாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. எப்படித் திறப்பது, எந்தக் கருவியால் எடுப்பது, எதை முதலில் செய்வது என்று மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன, ஆளுக்கொன்றுக்குப் பதில் சொல்கிறார்கள். ரோபோ வருவது இரண்டாவது கேள்வியில். முற்றிய பெருங்குடல் கட்டியில் அதைவிடக் கனமான கேள்விகள் மற்ற இரண்டிலும் இருக்கின்றன என்பதுதான் என் கருத்து. ஏன் என்று அடியிலிருந்து பார்க்கலாம்.

"முத்திப்போச்சு" என்றால் எவ்வளவு?

பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாய். வலது அடிவயிற்றில் தொடங்கி மேலே ஏறி, குறுக்கே போய், இடது பக்கம் இறங்கி, கடைசியில் ஒரு வளைவு வளைந்து மலக்குடலில் சேர்கிறது. புற்றுநோய் இந்தக் குழாயின் உள்பக்கச் சவ்வில் தொடங்கி, சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். எவ்வளவு ஆழம் வந்திருக்கிறது என்பதைத்தான் ரிப்போர்ட்டில் 'டி' என்ற எழுத்தும் அதன் பக்கத்தில் ஒரு எண்ணும் சொல்கின்றன.

1. டி1, டி2: கட்டி குடல் சுவருக்குள்ளேயே நிற்கிறது.
2. டி3: சுவரின் தசையைத் தாண்டி வெளியே உள்ள கொழுப்புக்குள் வந்துவிட்டது.
3. டி4ஏ: குடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையையும் துளைத்துவிட்டது.
4. டி4பி: பக்கத்து உறுப்புக்குள் புகுந்துவிட்டது. கீழ் இடப்பக்கக் கட்டி என்றால் சிறுநீர்ப்பை, கருப்பை. வலப்பக்கம் என்றால் சிறுகுடலின் தொடக்கப் பகுதி, வயிற்றுச் சுவர். குறுக்குக் குடல் என்றால் இரைப்பை, கணையம்.

'என்' என்ற எழுத்து நிணநீர் முடிச்சுகளைக் குறிக்கிறது, கழுத்திலும் தொடையிடுக்கிலும் நெறிகட்டும் என்போமே, அதே வகைதான், குடலுக்குப் போகும் ரத்தக்குழாய்களை ஒட்டி நிறைய இருக்கும். ஒன்றிலிருந்து மூன்று முடிச்சுகளில் நோய் இருந்தால் என்1, நான்கும் அதற்கு மேலும் என்றால் என்2. டி4 கட்டி, அல்லது ஆழமாக வெளியே வந்த டி3, அல்லது நிறைய முடிச்சுகள் பெருத்திருப்பது, ஆனால் கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ போகவில்லை என்ற நிலையைத்தான் டாக்டர்கள் 'லோக்கலி அட்வான்ஸ்டு' என்கிறார்கள். இருந்த இடத்திலேயே முற்றியது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்தே ஆக வேண்டும். டி4 வேறு, நான்காம் ஸ்டேஜ் வேறு. நான்காம் ஸ்டேஜ் என்றால் நோய் தூரத்து உறுப்புக்குப் போய்விட்டது என்று அர்த்தம். டி4 கட்டியோ, தூரத்துக்குப் பரவாதவரை, இரண்டாம் அல்லது மூன்றாம் ஸ்டேஜ்தான். அதைக் குணமாக்குவதை இலக்காக வைத்தே சிகிச்சை செய்வார்கள். ரிப்போர்ட்டில் '4' என்ற எண்ணைப் பார்த்துவிட்டு இனி எதற்குச் செலவு என்று வீட்டோடு இருந்துவிடுவது பெரிய இழப்பு.

நம் கடற்கரையில் இது முற்றிய பிறகே தெரியவருவதற்கு ஒரு சாதாரணக் காரணம் உண்டு. மலத்தில் ரத்தம் வந்தால் 'மூலச்சூடு' என்று நினைத்து வெந்தயமும் மோரும் குடித்துக்கொண்டு இருந்துவிடுகிறோம். வலப்பக்கக் கட்டியில் ரத்தம் கண்ணுக்கே தெரியாமல் கசியும், சோர்வும் ரத்தக்குறைவும்தான் வெளியே தெரியும். பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்கள் அந்தச் சோர்வை வேலைக் களைப்பு என்று தள்ளிவிடுவார்கள். ஐம்பது வயதுக்கு மேல் காரணம் தெரியாத ரத்தக்குறைவு இருந்தால், சத்து மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பக் கூடாது, கொலனோஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை, வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

ஆபரேஷனில் எது நடந்தே ஆக வேண்டும்?

மீன் கழுவுகிறவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். குடலை எடுக்கும்போது பித்தப்பை உடைந்தால் சதை முழுக்கக் கசந்துவிடும், அதற்கப்புறம் எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் போகாது. முற்றிய கட்டியை எடுப்பதும் அப்படித்தான். கட்டி கிழிந்து உள்ளே சிந்தினால், நோய் வயிற்றுக்குள் விதை தூவியதுபோல் திரும்பி வரும் ஆபத்து கூடும். அதனால் எந்த முறையில் செய்தாலும் மூன்று காரியம் நடந்தாக வேண்டும்:

1. கட்டியைச் சுற்றி நல்ல சதையும் சேர்ந்து வர வேண்டும். வெட்டிய ஓரத்தில் புற்றுச் செல் இல்லை என்று லேபில் சொன்னால் அது 'ஆர்0'. நுண்ணோக்கியில் தெரிந்தால் 'ஆர்1'. ஆபரேஷன் ரிப்போர்ட்டில் முதலில் தேட வேண்டியது இந்த எழுத்தைத்தான்.
2. பக்கத்து உறுப்போடு ஒட்டியிருந்தால் பிய்க்கக் கூடாது. அந்த உறுப்பின் ஒட்டிய பகுதியையும் சேர்த்து ஒரே துண்டாக எடுக்க வேண்டும். ஒட்டியிருப்பதெல்லாம் புற்று என்று சொல்ல முடியாது, வெறும் வீக்கத்தாலும் ஒட்டும், ஆனால் உள்ளே கண்ணால் பார்த்து அதைப் பிரித்தறிய முடியாது. அதனால் புற்று என்றே வைத்துக்கொண்டு எடுப்பதுதான் முறை.
3. நிணநீர் முடிச்சுகள் குறைந்தது 12 கிடைக்க வேண்டும். குடலைத் தாங்கும் கொழுப்பு மடிப்பை அதன் உறை கிழியாமல், ரத்தக்குழாயின் வேர் வரைக்கும் போய் எடுப்பதை ஜெர்மனியின் எர்லாங்கன் நகர அறுவை நிபுணர்கள் 2009-இல் விரிவாக எழுதினார்கள். ஜப்பானியர்கள் அதையொத்த ஒன்றை 'டி3' என்ற பெயரில் வெகுகாலமாகவே செய்துவருகிறார்கள் (மேலே சொன்ன டி3 அல்ல, இது முடிச்சுகளை எடுக்கும் அளவு).

ரோபோ இந்த மூன்றையும் நன்றாகச் செய்ய உதவுகிறதா என்பதே கேள்வி. தழும்பு சின்னதா என்பது அதற்கப்புறம்தான்.

ரோபோ என்பது என்ன

பெயரைக் கேட்டதும் இயந்திரம் தானாக வெட்டும் என்று தோன்றும். அப்படி இல்லை. டாக்டர் அதே அறையில், நோயாளியிடமிருந்து சில அடி தள்ளி ஒரு மேசையில் உட்கார்ந்து, பெரிதாக்கிய முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி கைப்பிடிகளை அசைப்பார். நோயாளியின் மேல் நிற்கும் நான்கு கரங்கள் அந்த அசைவை உள்ளே செய்யும். டாக்டர் கை எடுத்தால் அதுவும் நின்றுவிடும்.

வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, காற்றடைத்து, கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி 1990-களிலேயே குடலுக்கு வந்துவிட்டது. அதில் கருவிகள் நீளமான நேர்க்கம்பிகள், மணிக்கட்டு கிடையாது. ரோபோக் கருவியின் நுனியில் மணிக்கட்டு உண்டு, நம் கையைப்போல மடங்கும் திரும்பும், கை நடுக்கத்தையும் வடிகட்டிவிடும். உலகம் முழுக்க அதிகம் புழங்கும் டாவின்சி இயந்திரத்துக்கு அமெரிக்காவில் 2000-இல் அனுமதி கிடைத்தது. இந்தியாவிலேயே தயாராகும் எஸ்.எஸ்.ஐ. மந்த்ரா என்ற இயந்திரமும் இப்போது இருக்கிறது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும்: பெரும்பாலான இயந்திரங்களில் டாக்டருக்குத் தொடு உணர்வு கிடையாது. எவ்வளவு இழுக்கிறோம் என்பது கைக்குத் தெரியாது, சதை இழுபடுவதைக் கண்ணால் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். எளிதில் கிழியும் டி4 கட்டியில் இதற்கு நல்ல பழக்கம் வேண்டும்.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

இங்கேதான் விளம்பரமும் உண்மையும் பிரிகின்றன, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் லேப்ராஸ்கோப்பி. 2004-இல் அமெரிக்காவில் 872 பேரை வைத்து வெளியான ஆய்வில், பெருங்குடல் புற்றுக்கு லேப்ராஸ்கோப்பி செய்தாலும் வயிற்றைத் திறந்து செய்தாலும் நோய் திரும்பும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான் என்று வந்தது. சிறுதுளை ஆபரேஷன்மேல் உலகத்துக்கு நம்பிக்கை வந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்த ஆய்வில் பக்கத்து உறுப்பில் புகுந்த கட்டிகளையும் குறுக்குக் குடல் கட்டிகளையும் சேர்க்கவே இல்லை. அதாவது நாம் பேசும் நோயாளி அதில் கிடையாது.

அடுத்தது ரோபோ. இரண்டு பெரிய ஆய்வுகளை அடிக்கடி காட்டுவார்கள். 10 நாடுகளில் 471 பேரை வைத்து நடந்து 2017-இல் வெளியான ரோலார் ஆய்வில், நடுவில் கைவிட்டு வயிற்றைத் திறக்க வேண்டிவந்தது லேப்ராஸ்கோப்பியில் 12.2 சதவீதம், ரோபோவில் 8.1 சதவீதம். பார்க்கக் குறைவுதான், ஆனால் அது தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம் என்று ஆய்வாளர்களே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். சீனாவில் 1,240 பேரை வைத்து நடந்த ரியல் ஆய்வு ரோபோவுக்கு இன்னும் சாதகமாக வந்தது: மூன்று ஆண்டுகளில் அதே இடத்தில் நோய் திரும்பியது ரோபோவில் 1.6 சதவீதம், லேப்ராஸ்கோப்பியில் 4.0 சதவீதம். நல்ல செய்திதான்.

ஆனால் இரண்டும் மலக்குடல் புற்று பற்றிய ஆய்வுகள். மலக்குடல் இடுப்பெலும்புக்குள் குறுகிய குழியில் இருக்கிறது, அங்கே மடங்கும் கருவிக்கு வேலை அதிகம். பெருங்குடல் பரந்த வயிற்றில் இருக்கிறது. ஒன்றில் கிடைத்த லாபத்தை மற்றதின் பில்லில் சேர்க்க முடியாது. பெருங்குடலுக்கே என்று கொரியாவில் 70 பேரை வைத்து 2012-இல் ஒரு சிறிய ஆய்வு வெளியானது, வலப்பக்கக் குடலை எடுப்பதில் ரோபோவுக்கு 195 நிமிடம், லேப்ராஸ்கோப்பிக்கு 130 நிமிடம். செலவு கூடியது, ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் பெரிதாகக் குறையவில்லை.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019-இல் ஒரு எச்சரிக்கை விட்டது. புற்றுநோய்க்கு ரோபோவைப் பயன்படுத்துவதில் உயிர் காக்கும் பலன் இன்னும் நிறுவப்படவில்லை, டாக்டரிடம் அவருடைய பயிற்சியையும் அனுபவத்தையும் கேளுங்கள் என்று நோயாளிகளுக்குச் சொன்னது. முற்றிய பெருங்குடல் கட்டியில் "ரோபோ செய்தால் திரும்ப வராது" என்று யாராவது உறுதி சொன்னால், அந்த உறுதிக்குப் பின்னால் பெரிய ஆய்வு எதுவும் கிடையாது.

எங்கே கைகொடுக்கும், எங்கே கொடுக்காது

அதற்காக ரோபோ வீண் என்று நான் சொல்லவில்லை. கீழ்க்குடல் கட்டி சிறுநீர்ப்பையில் ஒட்டி, பையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு ஆழத்தில் மறுபடி தைக்க வேண்டியிருந்தால் மணிக்கட்டுள்ள கருவி அருமையான உதவி. வலப்பக்கத்தில் பெரிய ரத்தக்குழாயை ஒட்டி முடிச்சுகளைச் சுத்தம் செய்யும் நுணுக்கமான வேலையிலும் அப்படித்தான். வெட்டிய குடல் முனைகளை வயிற்றுக்குள்ளேயே வைத்து இணைப்பது சுலபமாகிறது, அதனால் கட்டியை வெளியே எடுக்கும் வெட்டை அடிவயிற்றில், சிசேரியன் செய்யும் இடத்தில், குறுக்காக வைக்க முடியும். நடுவயிற்றில் நீளவாக்கில் வெட்டுவதைவிட அங்கே பின்னாளில் குடலிறக்கம் வருவது குறைவு. வலை இழுக்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சரி, எங்கே வேண்டாம்? குடல் அடைத்து வயிறு ஊதிக் கிடக்கும்போது, கட்டி ஓட்டையாகிச் சீழ் பரவியிருக்கும்போது, பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிப் பிடித்திருக்கும்போது, பெரும்பாலும் திறந்து செய்வதுதான் பாதுகாப்பு. இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை: கட்டி தேங்காய் அளவு இருந்தால் அதை முழுசாக வெளியே எடுக்கத் தேங்காய் அளவு வெட்டு போட்டுத்தான் ஆக வேண்டும். அங்கே சின்னத் துளை என்ற லாபமே போய்விடுகிறது. இருதயம், நுரையீரல் பலவீனமானவர்களுக்கு மணிக்கணக்கில் வயிற்றில் காற்றடைத்துச் சாய்த்துப் படுக்கவைப்பதும் தாங்காமல் போகலாம். ரோபோவில் தொடங்கி நடுவில் வயிற்றைத் திறந்தால் அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம், பித்தப்பை உடையும் முன் கத்தியை மாற்றிப் பிடித்தார் என்று எண்ணுங்கள்.

கத்திக்கு முன்னால் கீமோ

மூன்றாவது டாக்டர் சொன்னதற்கு வருவோம். பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடன் நாடுகளில் 1,053 பேரை வைத்து நடந்த ஃபாக்ஸ்ட்ராட் ஆய்வில், ஒரு பகுதியினருக்கு ஆபரேஷனுக்கு முன்பே 6 வாரம் கீமோ கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுக்குள் நோய் மிஞ்சியோ திரும்பியோ இருந்தது அவர்களில் 16.9 சதவீதம், நேராக ஆபரேஷன் செய்தவர்களில் 21.5 சதவீதம். கட்டி சுருங்கியதால் முழுசாக எடுக்கவும் எளிதானது. ஆக, ஆபரேஷனைத் தள்ளிவைக்கச் சொன்னவர் கையாலாகாமல் சொல்லவில்லை.

அதோடு ஒரு சோதனை இருக்கிறது, கட்டாயம் கேளுங்கள்: பயாப்சித் துண்டில், அதாவது சோதனைக்காகக் கட்டியிலிருந்து கிள்ளி எடுத்த சதையில், எம்.எம்.ஆர். சோதனை. செல் தன் மரபணுப் பிழைகளைத் தானே திருத்தும் வேலை கெட்டுப்போயிருக்கிறதா என்று அது காட்டும். பரவாத கட்டிகளில் பத்தில் ஒன்று அளவுக்கு இப்படிக் கெட்டவை. இந்த வகைக்கு வழக்கமான கீமோ முன்கூட்டிக் கொடுத்தால் பெரிதாகச் சுருங்காது. ஆனால் நெதர்லாந்தில் நடந்து 2024-இல் வெளியான நிஷ்-2 ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் சில வாரம் மட்டும் நோயெதிர்ப்பு மருந்து கொடுத்ததில் 111 பேரில் 68 சதவீதத்தினருக்கு, எடுத்த குடலில் புற்றே மிஞ்சவில்லை. அந்த மருந்துகள் விலை மிக அதிகம், எல்லோருக்கும் எட்டாது. இருந்தாலும் சோதனை முடிவு தெரியாமல் எந்த வரிசை என்று முடிவெடுப்பது இருட்டில் வலை விடுவது போலத்தான்.

பணமும் தூரமும்

ரோபோவில் செலவு ஏறுவதற்குக் காரணம் இயந்திரத்தின் விலை மட்டும் இல்லை. கரங்களில் மாட்டும் கருவிகளை இத்தனை தடவைதான் பயன்படுத்தலாம் என்று வரம்பு உண்டு, அப்புறம் தூக்கி எறிய வேண்டும். அந்தச் செலவு ஒவ்வொரு நோயாளியின் பில்லிலும் வந்து விழும்.

அரசுத் தரப்பில், சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் உள்ள பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022-இல் சுமார் 35 கோடி ரூபாயில் ரோபோ அறுவை மையம் தொடங்கினார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அதில் ரோபோவுக்கான கூடுதல் தொகை சேருமா, கையிலிருந்து கட்ட வேண்டுமா என்று அட்மிஷன் போடும் முன்பே எழுதி வாங்குங்கள். தனியார் பாலிசி வைத்திருப்பவர்களுக்கு: ரோபோ ஆபரேஷனை அடியோடு மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதி வகுத்திருக்கிறது, ஆனால் உச்சவரம்பு வைக்க அனுமதி உண்டு. அந்த வரம்பு எவ்வளவு என்று பாலிசியில் பாருங்கள்.

ரோபோவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைக் கீமோவுக்கும், மூன்று வாரத்துக்கொருமுறை போய்வரும் செலவுக்கும், வேலைக்குப் போகாத மாதங்களுக்கும் ஒதுக்கிவைப்பது பல குடும்பங்களுக்கு அதிக பலன் தரும் என்றே நினைக்கிறேன். டி4 அல்லது என்2 என்றால் ஆபரேஷனுக்குப் பின் பொதுவாக 6 மாதம் கீமோ. ரோபோவுக்குக் கொடுத்துவிட்டு, நாலாவது ஊசிக்குக் காசில்லாமல் நிறுத்திவிட்டால் என்ன பயன்?

டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. என் கட்டி எந்த டி, எந்த என்? எந்த உறுப்பில் ஒட்டியிருக்கிறது?
2. எம்.எம்.ஆர். சோதனை முடிவு என்ன?
3. கீமோ டாக்டரும் ஆபரேஷன் டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்து பேசிவிட்டீர்களா?
4. இதேபோல் ஒட்டிய கட்டிகளை ரோபோவில் நீங்களே எத்தனை செய்திருக்கிறீர்கள்? குடலிறக்கமோ பித்தப்பையோ செய்த கணக்கு இதில் சேராது.
5. எனக்கு லேப்ராஸ்கோப்பியை விட ரோபோவால் குறிப்பாக என்ன கூடுதல்?

ஐந்தாவதற்குத் தெளிவான பதில், உதாரணமாக "சிறுநீர்ப்பையைத் தைக்க வேண்டியிருக்கிறது, அதற்காக" என்பதுபோல வந்தால், அந்தச் செலவுக்கு நியாயம் இருக்கிறது.

கடலுக்குத் திரும்புவது

ஆபரேஷனை ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலத்துக்குத் தள்ளிவைக்கும் வழக்கம் விசைப்படகுக் குடும்பங்களில் வரக்கூடியது. அந்த 61 நாளில் எப்படியும் வருமானம் இல்லையே என்ற கணக்கு. குடலிறக்கத்துக்கு அந்தக் கணக்கு சரி. முற்றிய கட்டிக்குச் சரியில்லை, நடுவில் குடல் அடைத்தால் அவசர ஆபரேஷன், அதில் மேலே சொன்ன மூன்று காரியமும் ஒழுங்காக நடப்பது கடினம்.

துளை சின்னதாக இருப்பதால் நாலைந்து நாளில் வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் உள்ளே இணைத்த குடல் கசிவது முதல் பத்து நாளுக்குள் வரக்கூடிய ஆபத்து, வெளிக்காயம் எவ்வளவு சின்னதானாலும் இதில் மாற்றமில்லை. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். காய்ச்சல், வயிற்றுவலி, நெஞ்சு படபடப்பு வந்தால் யாருக்கு போன் செய்வது, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் காட்ட என்ன சீட்டு என்று கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். முடிந்தால் அந்தப் பத்து நாளும் மதுரைப் பக்கமே தங்கிவிடுங்கள்.

கீமோவை ஆபரேஷனிலிருந்து 8 வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். அதில் பெரும்பாலும் ஆக்சலிபிளாட்டின் என்ற மருந்து இருக்கும், அது ஏறிய பிறகு குளிர்ச்சி பட்டால் விரல்களில் ஊசி குத்துவதுபோல் மரத்து வலிக்கும். ஐஸ் அள்ளுவது, ஐஸ்பெட்டியில் மீன் அடுக்குவது, குளிர்ந்த தண்ணீர் குடிப்பது எதுவும் கூடாது. உடன் தரும் கேப்சிட்டபின் மாத்திரையால் உள்ளங்கையும் பாதமும் சிவந்து உரியலாம், அந்த நேரத்தில் கயிறு இழுப்பதும் வெறுங்காலோடு சுடுமணலில் நடப்பதும் புண்ணாக்கிவிடும். இந்த எரிச்சலைத் தாங்கிக்கொண்டு மறைக்காதீர்கள், சொன்னால் அளவைக் குறைத்துத் தருவார்கள். தொழில் என்ன என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்: நான் ஐஸில் கை வைக்கிறவன், நான் கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறவள் என்று.